கூண்டுச் சரக்கு

பாதி ஏறிய ஷட்டர் வழக்கம்போல இடது பக்கம் சிக்கிக்கொண்டது. பாப்பா காலால் ஓர் உதை விட்டு மீதியையும் தூக்கினாள். அந்தச் சத்தத்துக்குத் தெருவே திரும்பிப் பார்த்தது. பழைய இரும்புக் கடைகள் மட்டுமே இருக்கும் தெரு அது. மற்ற எல்லா ஷட்டர்களும் இறங்கியிருந்தன. விடியற்காலையில் இறந்துபோன அவளுடைய அப்பாவுக்கு மரியாதையாக அன்று முழுக் கடையடைப்பு என்று வியாபாரிகள் சங்கம் அறிவித்திருந்தது. செத்தவர் கடை மட்டும் திறந்திருந்தது.

மாடிப்படியில் அண்ணன் இறங்கி ஓடிவந்தான். வெளியூரில் ஆபீஸ் வேலை. போன் போனதும் கிடைத்த வண்டியைப் பிடித்து வந்தவன், இன்னும் சட்டைகூட மாற்றவில்லை.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? மேல அப்பாவைப் போட்டு வச்சிருக்கோம். நீ கடையைத் திறக்கிற?"

"இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் திறந்துதான் இருக்கும்."

"எழவு வீட்டுல எந்த இன்ஸ்பெக்டர்?"

பாப்பா பின்பக்கம் இருந்த கம்பிக் கூண்டைக் காட்டினாள். உள்ளே கருகிய செம்புக் கம்பி, சுருள் சுருளாகக் குவிந்து கிடந்தது.

நாற்பதைத் தொட்டும் அந்தத் தெருவுக்கு அவள் பாப்பாதான். அவளுடைய அப்பாவுக்குத் தெரு வைத்த பெயர் அட்டைக்காரர். அன்பாக வைத்த பெயர் இல்லை. ஒரு காலத்தில் சாக்கடை மூடி, பாலத்துக் கைப்பிடி, பள்ளிக்கூடத்து மணி என்று ஊரில் காணாமல் போன எல்லாமே இந்தத் தெருவுக்கு வந்து சாயங்காலத்துக்குள் உருகிப் போய்விடும். அதைத் தடுக்கத்தான் புது விதி வந்தது. பழைய உலோகம் விற்க வருகிறவர் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், கடைக்காரர் அவரைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். சரக்கை ஒரு வாரம் வெட்டாமல், உருக்காமல் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும். பறிகொடுத்தவர் வந்து தேடிப் பார்க்க அந்த ஒரு வாரம். அதற்குப் பிறகுதான் விற்றவருக்குப் பணம். விதி வந்த கையோடு தெரு பின்வாசல் கண்டுபிடித்துவிட்டது. சொந்தக்காரனுக்கு அட்டை வேண்டாம், தெரிந்தவனுக்குக் கூண்டு வேண்டாம் என்று ஆளுக்கொரு சலுகை.

அவர் ஒருவர்தான் எழுத்து பிசகாமல் நடந்தார். சொந்த மைத்துனர் ஓட்டை வாளியோடு வந்தபோதும் அட்டை கேட்டார். மைத்துனர் அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறவில்லை. அப்படி ஒரு பிடிவாதம். பாப்பாவே எத்தனையோ நாள் அவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள்.

கூண்டில் இருந்த செம்பைக் கொண்டுவந்தவன் சங்கத் தலைவரின் மச்சான். அட்டைக்காரர் அட்டை கேட்டதும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. தன்னை யார் என்ன செய்துவிட முடியும் என்ற தெம்பில் அட்டையையும் நீட்டி, தலை சீவிக்கொண்டு படத்துக்கும் நின்றான். செம்பை எரித்து மேல்தோலை நீக்கித்தான் கொண்டுவந்திருந்தான். ஆனால் எரித்தவன் அவசரக்காரன். ஒரு முனையில் ஒரு சாண் அளவுக்குத் தோல் அப்படியே இருந்தது. அதில் குடிநீர் வாரியத்தின் முத்திரை. மேட்டுக் குடியிருப்புக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பின் கேபிள் திருடு போய், அங்கே குழாய்கள் காய்ந்து கிடந்த வாரம் அது. அட்டைக்காரர் நேற்று மாலை போலீசுக்குப் போன் செய்தார். நாளை மதியத்துக்கு மேல் வருகிறேன் என்றார் இன்ஸ்பெக்டர். காலையில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து செருப்பைத் தேடிய அட்டைக்காரர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார்.

விதியில் ஓர் எலிப்பொந்து இருந்தது. வேலை நாளில் கடை மூடிக் கிடந்தால், கூண்டில் இருக்கும் சரக்கை விற்றவனே திருப்பி எடுத்துக்கொள்ளலாம். வியாபாரம் நொடித்துப்போன கடைகளில் ஏழைகளின் சரக்கு முடங்கிவிடக் கூடாதென்று எழுதியது. அப்பா அதைப் படித்துக் காட்டி, "இதை எழுதினவன் ஒரு நாளாவது இந்தத் தெருவுல நின்னிருந்தா எழுதியிருக்க மாட்டான்" என்று பொரிந்தது பாப்பாவுக்கு நினைவிருந்தது. கடையடைப்பு அறிவிப்பு காதில் விழுந்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அழுதுகொண்டிருந்தவள் முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே வந்தது அதனால்தான்.

சங்கத் தலைவர் பெரிய மலர் வளையத்தோடு வந்தார். பின்னால் மச்சானும் ஏழெட்டு வியாபாரிகளும். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண் காய்ந்துதான் இருந்தது.

"தெருவுக்கே தூண் மாதிரி இருந்தாரும்மா. உங்க அப்பாவுக்காக மொத்தத் தெருவையும் மூடியிருக்கோம். நீ மட்டும் இப்படித் திறந்து வச்சா ஊர் என்ன பேசும்? ஷட்டரை இறக்கு, பாப்பா."

"ஊர் அப்பாவை இத்தனை நாளா பேசாததையா இனிமே பேசப் போகுது?"

"துக்கத்துல பேசுற. சரி, நம்ம பையன் சரக்கு ஒண்ணு உள்ள இருக்கு. கடை மூடினா எடுத்துக்கலாம்னு விதியிலயே இருக்கு. உனக்கு இருக்கிற பாரத்துல இது வேற எதுக்கு? சாவியைக் கொடுத்தா அவனே அள்ளிட்டுப் போயிடுவான்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். பாப்பாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"கடை மூடினாதான? மூடலையே."

அண்ணன் அவளைத் தனியே இழுத்தான். "கொடுத்துத் தொலையேன். அவங்க பத்து பேர். நாளைக்கு நான் ஊருக்குப் போயிடுவேன், நீயும் அம்மாவும்தான் இந்தத் தெருவுல குடியிருக்கணும். செத்த வீட்டுல சண்டை எதுக்கு?"

"எரியிற வீட்டுல பிடுங்க வந்திருக்காங்க. நீ கதவைத் திறந்து விடச் சொல்ற."

"அப்போ மேல யார் உட்கார்றது? வர்றவங்க உன்னைத் தேட மாட்டாங்களா? பெத்த பொண்ணு அப்பா பக்கத்துல இல்லாம கல்லாவுல உட்கார்ந்திருந்தான்னு பேச்சு வராதா?"

அந்த ஒன்றுதான் அவளைத் தைத்தது. அப்பாவின் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அவளுக்கு மட்டும் இல்லையா? காலையிலிருந்து அந்தக் கையை ஒரு தடவைதான் பிடித்திருந்தாள். இரும்பு தொட்டுத் தொட்டுக் காய்த்துப்போன கை. மேலே போனால் கீழே ஷட்டர் இறங்கிவிடும். கீழே இருந்தால் அப்பா தனியாகப் படுத்திருப்பார். மாடிப்படிக்கும் கூண்டுக்கும் நடுவில் அவள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

மாடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. முழங்கால் வீங்கி, படி இறங்கியே பல மாதம் ஆன அம்மா.

"என்னடி அங்க சத்தம்?"

பாப்பா சொன்னாள்.

"உங்கப்பா மேல படுத்திருந்த நாள்லயும் காது கீழதான் இருக்கும்" என்றாள் அம்மா. "அவரைக் கீழ கொண்டு போங்க. என்னையும்."

கட்டர் என்று தெரு கூப்பிடும் தொழிலாளியும் அண்ணனும் அப்பாவைக் கிடத்தியிருந்த மூடாத பெட்டியைத் தூக்கிவந்தார்கள். கேஸ் வைத்து இரும்பு வெட்டுகிறவர் கட்டர். நாள் முழுக்கப் பேசாமல் வேலை செய்வார், பேசினால் வெட்டுதான். கடைக்குள் பெட்டி வைக்க ஒரே ஒரு சமதளமான இடம்தான் இருந்தது. லாரிச் சரக்கு எடை போடும் மேடைத் தராசு. பெட்டியை அதன்மேல் வைத்தார்கள். சுவரில் சிவப்பு எழுத்தில் எடை ஓடி நின்றது.

அண்ணன் பதறிப்போய் சுவிட்சைத் தேடினான். "விடுங்க தம்பி" என்றார் கட்டர். "நாப்பது வருஷமா அடுத்தவன் எடையைப் பார்த்த மனுஷன். ஒரு நாள் அவர் எடையை மத்தவங்க பார்க்கட்டும்."

அம்மாவை நாற்காலியோடு இறக்கிக் கூண்டு வாசலில் உட்கார வைத்து, சாவியை அவள் மடியில் போட்டார்கள். இனி கூண்டைத் திறக்க வேண்டுமானால் அம்மாவைத் தூக்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும். பாப்பா பெட்டியின் பக்கத்தில் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். அப்பாவின் கையை மறுபடியும் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. யார் பார்த்தால் என்ன என்று அழுதாள்.

தலைவர் விடவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"தராசு மேல பொணம். கல்லாவுல ஆள் இல்ல. இதுக்குப் பேரு திறந்த கடையா? வியாபாரம் நடக்காத கடை மூடின கடைதான். யாரை வேணும்னாலும் கேட்போம். டேய், போய் அந்தம்மாகிட்ட மரியாதையா சாவியைக் கேளு."

மச்சான் இரண்டடி எடுத்து வைத்தான். அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உன்னைப் பெத்தது ஒரு தாயா, செம்பா?" என்றாள். அவன் நின்றுவிட்டான். ஆனாலும் வியாபாரிகள் தலையை ஆட்டினார்கள். தலைவர் சொன்னதில் சட்டப்படி ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது.

அந்த நேரம் பார்த்துத் தகரக்காரி வந்து சேர்ந்தாள். தெருத் தெருவாகப் போய் காலி டப்பாக்களைப் பொறுக்கி விற்கிற பெண். மற்ற எல்லாக் கடையும் பூட்டியிருந்த எரிச்சலில் தலைமூட்டையோடு நேரே உள்ளே நுழைந்தவள், பெட்டியைப் பார்த்ததும் மூட்டையை இறக்கி வைத்தாள்.

"அய்யய்யோ, அட்டைக்காரரா?"

பாப்பா அவளைப் பார்த்தாள். தலைவரைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்துவிட்டு எழுந்தாள். மூலையிலிருந்த தொங்கு தராசை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள்.

"மூட்டையைக் கொடுக்கா."

"வேணாம் தாயி. இன்னொரு நாள் வர்றேன். இந்த நேரத்துல எப்படி…"

"இந்த நேரத்துலதான் வேணும். கொடு."

மூட்டை கொக்கியில் ஆடியது. பாப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கன்னத்தைத் துடைக்காமலே கையை நீட்டினாள்.

"அட்டை?"

கூட்டத்தில் யாரோ "அடப்பாவமே" என்றார்கள். தகரக்காரி ஒரு நொடி திகைத்தாள். பிறகு, என்ன நடக்கிறது என்று அவளுக்குப் பிடிபட்டதோ, பழக்க தோஷமோ, இடுப்பிலிருந்து அட்டையை உருவிக்கொண்டே தினமும் திட்டுகிற திட்டை ஆரம்பித்தாள்.

"தகர டப்பா விக்கிறதுக்கு அட்டை! நான் என்ன கோட்டையையா பேர்த்துட்டு வந்தேன்? உசுரோட இருந்தப்பதான் உயிரை வாங்கினாரு, போயும் கேக்கறாரு பாரு மனுஷன்!" திட்டி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. "எம் பேரைக் கேட்டு எழுதுற ஒரே ஆளு இவருதான்" என்றாள் பெட்டியைப் பார்த்து.

கட்டர் படம் எடுத்தார். அழுத முகத்தோடே தகரக்காரி படத்துக்கு நின்றாள். பாப்பா மூட்டையைக் கூண்டின் முன்னால் கொண்டுபோனாள். கட்டர் நாற்காலியைத் தூக்கி நகர்த்த, அம்மா மடியிலிருந்த சாவியைக் கொடுத்தாள். மூட்டை உள்ளே போய்ச் செம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. பூட்டு விழுந்தது.

"வியாபாரம் நடந்துடுச்சு, தலைவரே" என்றாள் பாப்பா. "வேற யாருக்காவது ஏதாவது விக்கணுமா? அட்டையோட வரிசையில வாங்க."

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்தானே. வியாபாரிகள் ஒவ்வொருவராக எதையோ நினைத்துக்கொண்டவர்கள்போல நழுவினார்கள். இன்ஸ்பெக்டர் லாரியோடு வந்தபோது மச்சான் இல்லை. தலைவர் மட்டும் இருந்தார். இருந்தால்தான் கௌரவம் என்று நினைத்திருப்பார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி அப்பாவைக் கும்பிட்டுவிட்டு, முத்திரை இருந்த முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட வந்த குடிநீர் வாரியத்து ஆளும் பார்த்தான், எங்களுடையதுதான் என்றான். செம்பு லாரியில் ஏறியது.

தலைவர் மலர் வளையத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். வைத்ததைத் திருப்பி எடுத்துப் போகிற ஆளை அண்ணன் அன்றுதான் பார்த்தான்.

"இனிமே இந்தத் தெருவுல உனக்கு யாரும் சரக்குக் கொடுக்க மாட்டாங்க, பாப்பா. வாங்கவும் மாட்டாங்க. உங்கப்பாவைத் தூக்கக்கூட ஆள் வராது. பார்த்துக்க."

"அவர் கனமே இல்ல தலைவரே. எடை போட்டுப் பார்த்தாச்சு."

ஆனாலும் உண்மையில் ஆள் வரவில்லை. முன்னால் ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் கட்டர். பின்னால் ஒரு பக்கம் பாப்பா. நான்காவது மூலைக்குத் தகரக்காரி தலைச் சும்மாட்டைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மயானத்து வண்டி தெருமுனையில் நின்றது.

கிளம்பும்போது அண்ணன், பழைய பயம் போகாமல், அம்மாவைக் கேட்டான். "இப்பவாவது ஷட்டரை இறக்கிடட்டுமா?"

"உங்கப்பாதான் போறாரு. கடை எங்கயும் போகலை" என்றாள் அம்மா. "நான் உட்கார்ந்திருக்கேன். போயிட்டு வாங்க."

மூடிய ஷட்டர்களுக்கு நடுவே நான்கு பேரும் நடந்தார்கள். இத்தனை வருஷம் தொழில் செய்த தெருவில் ஒருவரும் வாசலில் இல்லை. பாப்பாவுக்குத் தோள் வலித்தது. அழக் கூடாது என்று எதிரே பார்த்துக்கொண்டே நடந்தாள். எவனுக்கும் தன் கண்ணீர் தெரியக் கூடாது.

பழைய பேட்டரி வாங்குகிற கடையைத் தாண்டும்போது பக்கத்தில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. அந்த ஷட்டர் தயங்கித் தயங்கி முழங்கால் உயரத்துக்கு ஏறி நின்றது. உள்ளே இருந்தவரின் முகம் தெரியவில்லை. கால்கள் மட்டும் தெரிந்தன. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கால்களும் சேர்ந்து நின்றன.

"கடையடைப்புன்னு சொன்னாங்களே?" என்றான் அண்ணன், திரும்பாமல்.

பாப்பா பெட்டியைத் தோளில் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தெருவில் இன்னும் கொஞ்ச தூரம் தள்ளி, இன்னொரு ஷட்டரின் சத்தம் கேட்டது.