மூக்கர் சொன்னால் சரி

என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எங்கள் பக்கத்தில் ஆளே கிடையாது. எல்லோருக்கும் அவர் மூக்கர். கேஸ் அடுப்பு பழுது பார்ப்பவர். ஒரு வீட்டுக்குப் போனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா, டியூப்ல லீக் இருக்கு, ஜன்னலத் திறங்க" என்று சொல்லிவிடுவார். மற்ற மெக்கானிக்குகள் சோப்புத் தண்ணீரைக் கரைத்து, இணைப்பில் தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். இவருக்கு அது கௌரவக் குறைச்சல். "சோப்புத் தண்ணி மூக்கு இல்லாதவனுக்கு" என்பார். "மூக்கர் சொன்னா சரி" என்று ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்திருந்தது. நானும்தான் வைத்திருந்தேன், பொய் சொல்வானேன்.

சில வாரங்களாகச் சாப்பாட்டைக் குறை சொல்ல ஆரம்பித்திருந்தார். எதை வைத்தாலும் சப்பென்று இருக்கிறதாம். "உனக்கு வயசாயிடுச்சு. கைப்பக்குவம் போச்சு" என்றார். பதிலுக்கு நாலு வார்த்தை நானும் கொடுத்தேன், ஆனால் உள்ளுக்குள் ஆடிப்போனேன். எனக்கும் அறுபது நெருங்குகிறது. உப்பு போட்டேனா இல்லையா என்று அடுப்படியில் நின்று யோசிப்பதும், திரும்பத் திரும்ப ருசி பார்ப்பதும் வழக்கமாகிப்போனது. இப்படித்தான் தொடங்குமோ என்று பயமாக இருந்தது.

நடுவில் ஒரு நாள் பால் தீய்ந்து வீடே நாறியது. அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "எருமை மாட்டு மேல மழை பெஞ்சா மாதிரி உக்காந்திருக்கீங்களே" என்று திட்டிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கப் போனேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. அன்று மதியம் பின்பக்கம் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். நடையிலேயே கேஸ் வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. எட்டிப் பார்த்தால், யாரோ கொடுத்துவிட்டுப் போன அடுப்பு மேஜை மேல் இருக்கிறது, இவர் அதன் மேல் குனிந்திருக்கிறார், கையில் லைட்டர். கட்டை விரல் அழுத்தப் போகிறது. துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தேன்.

"என்னடி?"

"கேஸ் அடிக்குது."

"எங்க?"

வழக்கமாகச் செய்வது போலக் கண்ணை மூடி, மூக்கை விடைத்து, நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். "ஒண்ணுமில்லையே" என்றார்.

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். வாய் நிறைய நையாண்டி பேசுகிற மனுஷன். நான் போய் சிலிண்டரை மூடினேன், கதவை விரியத் திறந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் டியூபின் முனையைக் கழற்றி மூக்கோடு ஒட்டி வைத்து இழுத்துக்கொண்டிருந்தார். விட்டுவிட்டு மறுபடியும் இழுத்தார். மேஜை மேலிருந்த கிரீஸ் டப்பாவைத் திறந்து அதையும் முகர்ந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. முப்பத்தெட்டு வருஷமாகப் பார்க்கிற முகம், அதில் அப்படியொரு பயத்தை நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் எனக்கு மகள் ஞாபகம் வந்தது.

இரண்டு தெரு தள்ளி, மாடி வீட்டில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், ராத்திரி டியூட்டி. மாப்பிள்ளைக்குப் பகல் வேலை. இரண்டு பேரும் வாசலில் சாவி மாற்றிக்கொள்கிற நேரம்தான் குடும்பம் நடத்துகிறார்கள் என்று நான் கேலி செய்வேன். அன்று காலையில் அவள் வந்து படுக்கப் போகும்போது இவர் போய்ப் புது சிலிண்டர் மாட்டி, அதில் ரப்பர் வாஷரும் மாற்றிவிட்டு வந்திருந்தார். வெயில் படாமல் கறுப்புத் திரையை இழுத்துவிட்டு அவள் தூங்கிக்கொண்டிருப்பாள்.

"குட்டி வீட்டுல லீக் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"பார்த்தேன்."

"எப்படிப் பார்த்தீங்க?"

அவர் கை மெல்ல மேலே போய் மூக்கைத் தொட்டது.

ஃபோனை எடுத்தேன். பிடுங்கிவிட்டார். "பண்ணாத. மணி அடிச்சா எழுந்து முதல்ல லைட்டத்தான் போடுவா. சுவிட்சுல பொறி பறக்கும்." வேலை சம்பந்தமான புத்தி அத்தனையும் பத்திரமாக இருந்தது. மூக்கு மட்டும்தான் போயிருந்தது, எப்போது போனது என்றுகூடத் தெரியாமல்.

ஆணியில் தொங்கிய மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஸ்கூட்டரில் சாவியைப் போட அவரால் முடியவில்லை, துளையே அகப்படவில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனோம். முடிவெட்டுகிற கடைக்காரர் வெளியே நின்று, "என்ன மூக்கரே, இந்த வயசுல ஓட்டப் பந்தயமா?" என்றார். இவர் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடினார். பழக்கதோஷம். மகள் எழுந்துவிட்டிருந்தால்? எழுந்ததும் காபிக்கு அடுப்பைப் பற்ற வைக்கிறவள் அவள், கண்ணைப் பாதிதான் திறந்திருப்பாள்.

மாடிப்படி முடியும் இடத்திலேயே எனக்கு வாசம் வந்தது. இவர் கதவுக்கடியில் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அடிக்குதா?"

"அடிக்குது."

"பெல்லத் தொடாத. சாவியப் போடு. உள்ள போனா எந்த சுவிட்சையும் தொடாத."

கதவு திறந்ததும் எனக்கு மூச்சு முட்டியது. அவர் வாசனையே இல்லாத ஒரு வீட்டுக்குள் நடப்பவர் போல நேராக அடுப்படிக்குப் போனார். சிலிண்டர் மூடுகிற சத்தம் கேட்டது. நான் முன்னறை ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் படுக்கையறைக் கதவைத் தள்ளினேன். உள்ளே கும்மிருட்டு. கட்டில் கிறீச்சிட்டது.

"யாரு?" என்றாள் மகள், தூக்கக் குரலில்.

அவள் கை சுவரைத் தடவுவது கேட்டது. சுவிட்ச் கட்டிலின் தலைமாட்டில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். விழுந்தடித்துக்கொண்டு போய் அந்தக் கையைப் பிடித்தேன். அவள் விரல் ஏற்கனவே சுவிட்சின் மேல் இருந்தது.

"தொடாதடி. அம்மாதான். தொடாத."

"என்னம்மா, வலிக்குது." சொல்லிவிட்டு மூச்சை இழுத்தாள். உடனே, "ஐயோ, கேஸ்" என்றாள். எழுந்து உட்கார்ந்தாள். "எப்படிம்மா? அப்பா காலைலதானே பார்த்துட்டுப் போனாரு. அவர் சரின்னுதானே சொன்னாரு."

வாசற்படியில் அவர் நின்றிருந்தார். அதைக் கேட்டார்.

சிலிண்டரைப் பால்கனிக்கு உருட்டிக்கொண்டுபோய், வீடு முழுக்கக் காற்றோடிய பிறகு, அவர் கேட்டது ஒன்றைத்தான். "குட்டி, கொஞ்சம் சோப்புத் தண்ணி கரைச்சுக் குடும்மா." அவள் என்னைப் பார்த்தாள். கொடு என்று நான் தலையசைத்தேன். அவள் கொண்டுவந்து கொடுத்ததை அவர் விரலால் தொட்டு இணைப்பில் தடவி, ஒரு நொடி மட்டும் திறந்து பார்த்தார். குமிழி குமிழியாகக் கிளம்பியது. புது வாஷர் மடிந்து உட்கார்ந்திருந்தது. அப்படி மடிவது யார் கையிலும் நடக்கும். அதற்குத்தான் மாட்டிய பிறகு பார்ப்பது.

"அப்பா, பரவால்லப்பா" என்றாள் மகள். நர்ஸ் அல்லவா, ஆஸ்பத்திரிக் குரலில் சொன்னாள். அதைக் கேட்டதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

திரும்பி வரும்போது பாதி வழியில், "உன் சமையல் நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார். வாய்விட்டு மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை அவர். அத்தனை நாளும் வயதானது நான்தான் என்று பயந்துகொண்டிருந்தேன். அது நானாகவே இருந்திருக்கக் கூடாதா என்று அப்போது நினைத்தேன்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது அவர் எங்கள் அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர். எங்கள் சிலிண்டர், டியூப், அடுப்பைத் திருகுகிற குமிழ்கள் எல்லாவற்றிலும் தடவி வைத்திருந்தார். எங்கும் ஒரு குமிழியும் இல்லை. ஆனாலும் பற்ற வைக்கவில்லை. லைட்டரைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

"நீ ஒரு தடவ பாரேன்" என்றார். "நீ சொன்னா சரி."

ஊர் அவரிடம் சொல்கிற வார்த்தை. அதை என்னிடம் சொல்கிறார். குனிந்து, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. நேற்று லைட்டரும் கையுமாக அவர் சொன்னதும் இதே ஒண்ணுமில்லைதான். அவரும் பொய் சொல்லவில்லை. அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"பத்த வைக்கட்டுமா?"

"இருங்க."

திரும்பவும் முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. இல்லை என்றால் கேஸ் இல்லையா, என் மூக்கு இல்லையா? சோப்புக் கிண்ணத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். எலுமிச்சை வாசனை அடித்தது. உண்மையிலேயே அடித்ததா, பக்கத்தில் இருந்த சோப்பு பாட்டிலின் மேல் எலுமிச்சை படம் போட்டிருந்ததால் அடித்தது போலத் தோன்றியதா என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டிலைத் திருப்பி வைத்துவிட்டுக் கண்ணை மூடி மறுபடியும் முகர்ந்தேன். அவர் லைட்டரைப் பிடித்தபடி, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.