கொடும்பாவிக்குப் போட்ட சட்டை

வெயில் கூடிப்போச்சு என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், நாகராசுவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சித்திரையில வெயில் அடிக்காம பனியா கொட்டும்? அன்னைக்கும் இதே சூரியன்தான், இன்னைக்கும் இதே சூரியன்தான். வேல இல்லாதவன் கெளப்பிவிட்ட கதை."

இதை அவர் வல்லத்திராக்கோட்டைக்குத் தெற்கே இருக்கிற தன் ஊர் டீக்கடையில் தினமும் சொல்லுவார். வீட்டில் சொல்ல முடியாது. மருமகள் சிவரஞ்சனி புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர்.

"பூமியே சூடாகிட்டு வருது மாமா. காலநிலை மாறிருச்சு. போதாக்கொறைக்கு நம்ம தைலமரத் தோப்பு வேற தண்ணிய உறிஞ்சி..."

"தோப்பப் பத்திப் பேசாத."

காலநிலை மாறிவிட்டது என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி தைலமரத்தில் வந்து நிற்கும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே மாறவில்லை.

அந்த வருசம் பங்குனியில் ஒரு சொட்டு விழவில்லை. சித்திரையிலும் இல்லை. அவர் போர்வெல் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றைத் துப்பியது. கடலைச்செடி வாடிக் கிடந்தது. ஊர் கூடிக் கொடும்பாவி இழுப்பது என்று முடிவு செய்தது. மழை பெய்யவில்லையென்றால் ஊரில் ஒரு பெரும்பாவி இருக்கிறான் என்று அர்த்தம். அவன் யாரென்று தெரியாததால் வைக்கோலில் ஒருவனைச் செய்து, சட்டை மாட்டி, தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து, ஊரெல்லையில் வைத்துக் கொளுத்துவார்கள். கூட்டத்தில் முதல் ஆளாகக் கையைத் தூக்கியவர் நாகராசுதான். பூமி சூடாகிறது என்பதைவிட எவனோ ஒரு பாவி இருக்கிறான் என்பது அவருக்கு வசதியாக இருந்தது.

"வைக்கோலக் கொளுத்துனா புகைதான் மாமா வரும்" என்றாள் சிவரஞ்சனி.

"நீ பள்ளிக்கூடத்துல போயிச் சொல்லு."

இழுக்கிற அன்று அவர் கொல்லையில் மோட்டாரோடு மல்லுக்கட்டிவிட்டுத் தெருவுக்கு வந்தபோது ஊர்வலம் முக்கு திரும்பிக்கொண்டிருந்தது. சட்டித்தலையும் கரிமீசையுமாகக் கொடும்பாவி குப்புறக் கிடந்து வந்தது. அதன் முதுகில் ஒட்டகம்.

மகன் உதயசூரியன் துபாயிலிருந்து கொண்டுவந்த, ஒட்டகப் படம் போட்ட சட்டை அது. கல்யாணம், எழவு, காதுகுத்து எல்லாவற்றுக்கும் நாகராசு அதைத்தான் போட்டுப் போவார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் முதுகில் ஒட்டகம் இருக்கிற ஆள் அவர் ஒருவர்தான்.

"அட, நம்ம நாகராசு அண்ணனுல்ல போறாரு!" என்றார் டீக்கடைக்கார முனியசாமி.

தெருவே சிரித்தது. ஒப்பாரி வைத்த பெண்களுக்கு அதுவரை பாவியின் அடையாளம் தெரியாமல் பாட்டு ஓடவில்லை. இப்போது தானாக வந்தது.

"தைலமரம் வச்ச பாவி, ஊருத் தண்ணி குடிச்ச பாவி!"

விளக்குமாற்று அடி ஒட்டகத்தின் மேல் சாத்து சாத்தென்று விழுந்தது. நாகராசு வீட்டுக்குள் பாய்ந்தார்.

"ஏன்டி, கொடும்பாவிக்குக் குடுக்க வேற துணியே கெடைக்கலயா ஒனக்கு?"

மனைவி பிச்சையம்மாள் அசரவில்லை. "அக்குள்ல கிழிஞ்சு கெடந்துச்சு. அடுப்படி தொடைக்கலாம்னா தண்ணிய இழுக்க மாட்டேங்குது அந்தத் துபாய்த் துணி. கேட்டு வந்தாங்க, குடுத்தேன்."

அதோடு போயிருந்தால் ஊர் நாலு நாள் சிரித்துவிட்டு மறந்திருக்கும். முனியசாமி விடவில்லை. "மழை வரட்டும், ஆளு இவருதான்னு உறுதியாயிரும்" என்று டீ ஆற்றிக்கொண்டே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் கிழக்கே கருக்கலிட்டது. நாகராசு கடலைக் கொல்லையில் நின்று அண்ணாந்து பார்த்தார். காலடியில் செடி நாக்கைத் தொங்கப் போட்டுக் கிடந்தது. அவரோ கோழியை விரட்டுகிறவர் மாதிரி மேகத்தைப் பார்த்துத் துண்டை வீசினார்.

"அங்கிட்டுப் போ. அறந்தாங்கிப் பக்கம் போயிரு. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

மேகம் கேட்கவில்லை. கொட்டு கொட்டென்று கொட்டியது. ஊரே வாசலில் நனைந்து கூத்தாடியது. நாகராசு மட்டும் எழவு விழுந்தவர் போல நனைந்துகொண்டே வீடு வந்தார்.

"ஏத்தா, கடல்ல என்னமோ சுத்துதுன்னு டிவியில சொன்னான்னியே, அது என்ன?"

"வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி மாமா. ஆனா டிவிக்காரன் புளுகுறான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது முந்தாநேத்து. இன்னொருக்காச் சொல்லு."

வழியெல்லாம் முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டு டீக்கடையில் போய் இறக்கினார்.

"எவனையும் எரிச்சதால மழை வரல. வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி! முந்தியே டிவியில சொல்லிட்டான்."

"அப்ப டிவியில சொல்றதெல்லாம் நெசம்? காலநிலை மாறிப்போச்சுங்கிறது?" என்றார் முனியசாமி.

நாகராசு துண்டால் முகத்தைத் துடைத்தார். "மாறிருச்சு."

"எதனாலண்ணே?"

பாவம் என்றாலும் தைலமரம், விஞ்ஞானம் என்றாலும் தைலமரம். எங்கிட்டுத் திரும்பினாலும் அவர் தோப்பே நின்றது.

"அமெரிக்காக்காரன்! ஆளுக்கு ரெண்டு காரு ஓட்டுறான், ரூமுக்கு ரூம் ஏசி போடுறான்."

"இருக்கும். ஆனா அவன் வீட்டுல இருந்து யாரும் சட்டை குடுக்கலயேண்ணே."

அதற்குப் பிறகு அவர் டீக்கடைப் பக்கம் போகவில்லை. கடலை பச்சென்று நிமிர்ந்து நின்றது. அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் முன்பின் தெரியாத இரண்டு பேர் பைக்கில் வந்து, பழத்தட்டோடு வாசலில் நின்றார்கள்.

"அன்னவாசல் பக்கமிருந்து வாரோம்ங்க. எங்க ஊர்லயும் மழை இல்ல. ஒங்க துணியப் போட்டு இழுத்தா மறுநாளே ஊத்துதுன்னு பேசிக்கிறாங்க. தப்பா நெனைக்காதீங்க, ஒண்ணு குடுத்தீங்கன்னா..."

பிச்சையம்மாள் மூலையில் கிடந்த கம்பை எடுத்து ஒளித்தாள். நாகராசு கம்பைத் தேடவில்லை. உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்.

"ஏத்தா, அன்னவாசலுக்கு என்ன போட்டிருக்கான், பாரு."

சிவரஞ்சனி போனைத் தடவினாள். "ஒரு வாரத்துக்கு மழையே இல்ல மாமா. காய்ஞ்ச வெயில்தான்."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாத்தான் பாத்தேன்."

நாகராசுவின் முகம் விடிந்தது. உள்ளே போய், கோயில் விசேசத்துக்கென்று தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து வந்து தட்டில் வைத்தார்.

"கிழிசல் எதுக்கு? நல்லதாவே போட்டு இழுங்க. நெஞ்சுல பேரையும் எழுதிருங்க, நாகராசுன்னு. தூரத்துல இருந்து பாத்தாலும் தெரியணும்."

அவர்கள் கும்பிட்டுவிட்டுப் பைக்கைக் கிளப்பினார்கள். புழுதி அடங்குகிறவரை பிச்சையம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கயும் ஊத்திருச்சுன்னா?"

நாகராசு மருமகள் பக்கம் திரும்பி, "இன்னொருக்காப் பாரு" என்றார்.