காற்றுப் படாத பிளாஸ்க்

1.

ஒரு முகத்தைப் பார்க்க என்ன விலை? 2008-இல், கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ் கட்டணம், அதோடு ஒரு பிளாஸ்க் ஆட்டு இரைப்பைச் சாறு. இந்த விலையைச் சொன்னவள் ஜான்சி. கதையையும் அவளிடம்தான் பேரம் பேசி வாங்கினேன். கலப்படம் என்னுடையது. கடைக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு வாங்கின சரக்கை அப்படியே விற்கத் தெரியாது.

2.

முதல் தொடக்கம்: ஆதியில் பூமியில் ஆக்சிஜனே கிடையாது, அப்போது…

(வேண்டாம். இந்த வேகத்தில் போனால் ஜான்சி வருவதற்குள் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.)

இரண்டாவது தொடக்கம்: ஜான்சி சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவி. ஆட்டு இரைப்பையில் வாழும் ஒற்றைச் செல் உயிரிகள்தான் அவளுடைய ஆய்வு. உடம்பெல்லாம் மயிரிழைகளைத் துடுப்பாய்ப் போட்டு நீந்துபவை. காற்றுப் பட்டால் செத்துப்போகும். அவற்றின் மூதாதைகள் நம்மைப்போல மூச்சுவிட்டவைதான். காற்றில்லாத இடத்தில் குடியேறிய பிறகு, மூச்சுக்கென்று செல்லுக்குள் இருந்த உறுப்பு மெல்லத் தொழில் மாறி ஹைட்ரஜன் விடப் பழகிவிட்டது.*

* அந்த ஹைட்ரஜன் தேங்கினால் அந்த உயிரிக்கே தொல்லை. இன்னொரு நுண்ணுயிர் வந்து ஒட்டிக்கொண்டு அதை வாங்கி மீத்தேன் ஆக்கும். இதைச் சொல்லும்போது ஜான்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள் என்று எழுத ஆசை. அவள் அப்படியெல்லாம் திரும்புகிறவள் இல்லை.

3.

சாறு கொண்டுவருகிறவர் தில்லைநாதன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசாங்க வேலை. ஞாயிறு தோறும் சிதம்பரம் வீட்டுக்கு வருவார். முட்டைகூடத் தொடாத குடும்பம். ஆனாலும் விடிந்ததும் கறிக்கடையில் நின்று, வீட்டுக் காபி பிளாஸ்க்கில் விளிம்புவரை சாறு நிரப்பி, காற்றுக்கு இடமில்லாமல் மூடி, மடியில் வைத்து ஜான்சியிடம் கொண்டுவருவார். அதற்கு மேல் இருவரும் ஒன்றும் பேசிக்கொண்டதில்லை.

(இப்படி ஒரு ஆளா? எனக்கும் சந்தேகம்தான். "வீட்ல காபிக்கு என்ன பண்ணாங்களாம்?" என்று ஜான்சியைக் கேட்டேன். சிரித்தாள். நம்பிவிட்டேன்.)

அந்த ஞாயிறு வந்தது கடைசி பிளாஸ்க். ஆய்வுக்கு அதோடு போதும். அவருக்கும் பத்து நாளில் ராமநாதபுரத்துக்கு மாற்றல்.

ஜான்சி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். துடுப்புகள் தள்ளாடின. பல நின்றே போயிருந்தன.

"வழியில மூடியத் தொறந்தீங்களா?"

"லேசாதாங்க. புதுச்சத்திரத்துல பஸ் நின்னுடுச்சி, ஒரே புழுக்கம். எனக்கே முடியல. உள்ள அதுங்க பாவம்னு, மேலால கொஞ்சம் கொட்டிட்டு…"

"கொட்டிட்டு?"

"கைக்குட்டையால விசிறினேன். சிதம்பரம் வர்ற வரைக்கும்."

"விசிறினீங்களா!"

"எத்தினி காலமா மூச்சடக்கிக் கெடக்குதுங்க. ஒரு வாய் காத்துக்கு ஏங்காதுங்களா?"

அவள் கண்ணை லென்ஸிலிருந்து எடுக்கவில்லை.

"உசுரோடதானே இருக்குதுங்க?" என்றார் தில்லைநாதன்.

4.

முடிவு ஒன்று: "இருக்கு" என்கிறாள். அவர் மனசு நோகாமல் ராமநாதபுரம் போகிறார். இனி வரக் காரணமில்லை.

முடிவு இரண்டு: "கொன்னுட்டீங்க" என்கிறாள். அவர் முகம் சுண்டிப்போகிறது. ஆனால் அடுத்த ஞாயிறு இன்னொரு பிளாஸ்க் வந்தாக வேண்டும்.

முடிவு மூன்று: ஜான்சி பிளாஸ்க்கைத் தள்ளி வைத்துவிட்டு, "ஏங்குறது அதுங்க மட்டுமா" என்று…

(எழுதி எழுதி அடித்தேன். அவள் வாயில் இது நிற்கவில்லை.)

"நீ என்னதான் சொன்ன?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அது மட்டும் விக்கிறதுக்கில்ல" என்றாள்.

ஆகவே வாசகரே, கணக்கை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். வரவு: புதுச்சத்திரம் முதல் விசிறிய காற்று. செலவு: ஒரு பிளாஸ்க் உயிர். கையிருப்பு: இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாக்கி: ஒரு பதில்.