நடுவுல ஒரு ஒப்பு

பிரிஜா பொய் சொல்லிப் பழகியவள் அல்ல. ஆனால் முட்டம் கோயில் மண்டபத்தில் நாற்பது பேர் முன்னால் அவள் சொன்ன ஒற்றைச் சொல் இருக்கிறதே, அது பச்சைப் பொய். “கூவாது” என்றாள்.

கேட்டது உபதேசியார் சிலுவைதாசன். பாதிரியாருக்குத் துணையாகக் கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிறவர், அறுபது தாண்டிய மனிதர். மணிக்கோபுரத்தில் சைரன் வைக்கப்போகிறார்கள், கடல் எச்சரிக்கை வந்தால் அது தானாகக் கூவும் என்று எல்லாரும் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் எழுந்து நின்றார்.

“ஒரு காரியம் அறியணும் மக்கா. கண்டவன் கேறி வந்து கள்ளச் செய்தி அனுப்புனா இது கூவுமா?”

“கூவாது உபதேசியாரே.”

“நெசமாட்டா?”

“நெசமாட்டு.”

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் வீட்டில் இருந்தது. சுனாமி வந்த நாலாம் நாள், மறுபடியும் கடல் வருகிறது என்று எவனோ கிளப்பிவிட, ஊரே மேட்டுக்கு ஓடியது. கடல் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஓட்டத்தில் படிக்கட்டில் விழுந்த அவர் மனைவி சத்தியபாயின் மேல் எத்தனை பேர் ஏறிப்போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. இடுப்பெலும்பு போயிற்று. அதற்குப்பின் அவள் யார் சொன்னாலும் எழும்புவதில்லை. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் எச்சரிக்கை வந்து ஊர் முழுக்கக் காலியானபோதும், “ஆரு சொன்னா? நீரு கண்டீரா?” என்று நாற்காலியிலேயே இருந்துவிட்டாள். அவளை விட்டுப் போக மனமில்லாமல் உபதேசியாரும் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார். அன்றைக்கும் கடல் வரவில்லை. இன்னொரு நாள் வந்தால்? அந்த நினைப்பு அவர் உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. மண்டபத்திலிருந்து நேராக வீட்டுக்குப் போய், “கம்பெனிக்காரப் பிள்ள சொல்லியாச்சு. இது கள்ளத்துக்குக் கூவாது” என்று சத்தியபாயிடம் சொன்னார்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாகர்கோவில் வடசேரியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இரண்டு அறை. முதலாளி ஆனந்தகிருஷ்ணன், பிரிஜாவையும் சேர்த்து வேலைக்கு மூன்று பேர். புரோகிராம் அவளுடையது. கோபுரத்தில் கையகலப் பெட்டி ஒன்று. நிமிடத்துக்கு ஒரு தடவை அது இணையம் வழியாகக் கம்பெனியின் சர்வரைக் கூப்பிட்டு, எச்சரிக்கை உண்டா என்று கேட்கும். உண்டென்றால் சைரன். கேட்பதற்கு முன்னால் சர்வர் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். பெட்டி அதைச் சரிபார்க்க வேண்டும். சரியில்லை என்றால் இணைப்பையே துண்டிக்க வேண்டும். அப்படித்தான் எழுதியும் இருந்தாள்.

மண்டபத்துக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் பெட்டி முரண்டு பிடித்தது. சான்றிதழை ஏற்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். வெளியே நாற்காலி போடுகிறார்கள், ஆனந்தகிருஷ்ணன் புது வேட்டியில் வந்து நிற்கிறார். பிரிஜா ஒரு வரியை மாற்றினாள். சரிபார்க்காதே என்ற வரி. கூட்டத்தில் சைரன் அழகாகக் கூவிற்று, எல்லாரும் கைதட்டினார்கள். அந்த வரியோடுதான் அவள் “கூவாது” என்றாள். நாளைக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். நாளை என்பது மூன்று வாரமாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் ஜெபம் சொல்லிச் சைரனை மந்திரிப்பதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை அவள் முதலாளியிடம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

“ஓடுகதப் பிடிச்சு என்னத்துக்கும்மா நோண்டுக?” என்றார் ஆனந்தகிருஷ்ணன். “அந்த ஒரு வரிய எவன் கோபுரத்துல ஏறிப் பாக்கப் போறான்?”

“நான் சொன்னது பொய்யாட்டுல்லா கெடக்கு சார்.”

“செரி, என்னமும் செய்யி. ஞாயித்துக்கெழம மானத்த வாங்கீராத.”

யார் யாருடைய கையொப்பத்தை நம்பலாம் என்று பெட்டியிலுள்ள பட்டியல் பழசாகியிருக்கும், அதனால்தான் முரண்டு பிடித்தது என்று பிரிஜா முடிவு கட்டினாள். புதுப் பட்டியல் சேர்த்தாள். தன் கம்ப்யூட்டரில் சர்வரின் முகவரியைத் திறந்தாள். சான்றிதழ் சரி என்பதற்கு அடையாளமான பச்சைப் பூட்டு மேலே பளிச்சென்று தெரிந்தது. பூட்டு தெரிந்தால் போதாதா? சரிபார்க்கும் வரியைத் திரும்பப் போட்டுப் புதுப் புரோகிராமை அனுப்பிவிட்டாள்.

சனிக்கிழமை தோறும் மதியம் பன்னிரண்டுக்குச் சோதனைக் கூவல் உண்டு. அன்றைக்குக் கூவவில்லை. பன்னிரண்டு ஐந்துக்கு உபதேசியார் போனில் வந்தார்.

“ஏட்டி பிரிஜா, சாதனம் மிண்டாம நிக்குகே?”

உட்கார்ந்த இடத்திலிருந்து சரிசெய்யவும் வழியில்லை. புதுப் புரோகிராம் போவதும் அதே சர்வர் வழியாகத்தான். பெட்டியோ இப்போது யாருக்கும் கதவு திறக்காது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முட்டம் பஸ் ஏறினாள். வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனாள்.

கோபுரத்தில் புறா எச்சத்துக்கு நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து பெட்டியின் குறிப்புகளைப் படித்தபோது விஷயம் விளங்கிற்று. பட்டியலில் ஒரு கோளாறும் இல்லை. சான்றிதழில் கையொப்பமிட்டவர் யாரென்று தெரியவில்லை என்று பெட்டி வரிக்கு வரி எழுதி வைத்திருந்தது. உபதேசியார் மூச்சிரைக்க ஏறி வந்து பக்கத்தில் நின்றார்.

“என்ன கொழப்பம்?”

“சர்வர் காட்டுக சர்ட்டிபிகேட்டுல ஒரு ஏஜென்சி ஒப்பு போட்டிருக்கு. அந்த ஏஜென்சிய இந்தப் பெட்டி அறியாது. அதுக்கும் மேல ஒரு பெரிய ஏஜென்சி உண்டு, அத மட்டும் பெட்டிக்கு அறியும். பெரியவன் சின்னவனுக்கு ஒப்புப் போட்டுக் குடுத்த கடுதாசி ஒண்ணு இருக்கணும். அதையும் சேத்துக் காட்டணும். எங்க சர்வர் அதக் காட்டல்ல.”

உபதேசியார் சிரித்தார். “இதுக்கா இம்பிடு பாடு? இது கல்யாண ஓலையில்லா! வெளி மறைமாவட்டத்து மாப்பிள்ளைக்கு அவனுக்க சாமியார் ஓலை எழுதி ஒப்பு போடுவாரு. அந்தச் சாமியார நான் கண்டேனா? அவருக்க ஒப்புக்கு மேல அந்த ஊரு ஆயர் இல்லத்து ஒப்பும் சீலும் வேணும். ஆயர் இல்லத்துச் சீலு எனக்குத் தெரியும். நடுவுல உள்ள ஒப்பு இல்லேன்னா, மாப்பிள்ள பந்தலுக்கே வந்தாலும் நான் பூசையில கல்யாணம் விளிச்சுச் சொல்ல விடமாட்டேன்.”

“அதேதான் உபதேசியாரே.”

பிரிஜா முதலாளிக்குப் போன் போட்டாள். ஏஜென்சி மெயிலில் இரண்டு கோப்பு வந்திருந்ததாம். “நம்ம பேரு உள்ளதப் போட்டேன். மத்தது என்னமோ அவன் விளம்பரம்னுல்லா நெனச்சேன்” என்றார் அந்தப் புண்ணியவான். அந்த விளம்பரம்தான் நடு ஒப்பு. அலுவலகக் கம்ப்யூட்டர் இணையத்தில் ஊர் சுற்றுகிற பயல். வேறெங்கோ அதே ஒப்பைப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டு அவளுக்குப் பச்சைப் பூட்டைக் காட்டியிருக்கிறது. கோபுரத்துப் பெட்டி ஊர் சுற்றப் போயிற்றா, எதையாவது கண்டதா? காட்டியதை மட்டுமே அது நம்பும்.

சிரித்துக்கொண்டிருந்த உபதேசியார் சட்டென்று நிறுத்தினார். “நில்லு. இந்தக் கடுதாசி இடையில தொலஞ்சுதா, இல்ல முதலே இல்லியா?”

“முதலே இல்ல.”

“அப்பம் அண்ணைக்கு மண்டபத்துல இது எப்படிக் கூவிச்சு?”

படித்த முதலாளி இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கல்யாண ஓலை படிக்கிறவர் கேட்டுவிட்டார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். இன்னொரு பொய்யை அவள் சேர்க்கவில்லை.

“சரிபார்க்காண்டாம்னு ஒரு வரி போட்டேன். ஆரு அனுப்பிருந்தாலும் அண்ணைக்குக் கூவியிருக்கும். நான் சொன்னது பொய்.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “உனக்க வார்த்தைய வச்சு நான் அவளுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தேன் பிள்ள” என்றார். பிரிஜா அழுதாள். அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாலு மணிக்கு ஆனந்தகிருஷ்ணன் இரண்டாவது கோப்பையும் சர்வரில் சேர்த்தார். அடுத்த நிமிடமே சைரனின் சோதனைக் கூவல் கேட்டது. காரியம் முடிந்தது என்று பிரிஜா பையைக் கட்டினாள்.

“முடியல்ல” என்றார் உபதேசியார். “நாளைக்குப் பூசை கழிஞ்சு நீ எங்களுக்குக் கள்ளம் காட்டணும். பழைய வரிய வச்சு ஒருக்க, புது வரிய வச்சு ஒருக்க. ஊரு காணணும். அவளும் காணணும்.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், யாரும் ஓட வேண்டாம், இது சோதனை என்று சாமியார் இரண்டு தடவை சொன்னார். சத்தியபாயை நாற்காலியோடு தூக்கிவந்து முற்றத்தில் வைத்திருந்தார்கள். பிரிஜா மைக்கின் முன்னால் நின்று, தான் செய்ததைத் தானே சொன்னாள். ஆனந்தகிருஷ்ணன் புது வேட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டார். கூட்டத்தில் நாலு பேர் முணுமுணுத்தார்கள். ஒருத்தன் ஏசவும் செய்தான். ஏசட்டும் என்றிருந்தது அவளுக்கு.

லேப்டாப்பையே அவள் கம்பெனி சர்வர் போல வேஷம் கட்ட வைத்திருந்தாள். அதே பெயர், சான்றிதழ் மட்டும் அவளே எழுதி அவளே கையொப்பமிட்டது. முதலில் பழைய வரி. கள்ளச் செய்தியை அனுப்பினாள். சைரன் ஊரே அதிரக் கூவிற்று. சத்தியபாயின் கை ஊன்றுகோலைத் தேடியது; பிறகு புருஷனைப் பார்த்து, “கண்டீரா?” என்றாள்.

அடுத்து புது வரி. அதே கள்ளச் செய்தி. பிரிஜா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டாயிற்று. பிள்ளைகள்கூட வாயை மூடிக்கொண்டு கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். புறா படபடத்தது, கடல் இரைந்தது, சைரன் மிண்டவில்லை. ஐந்தாம் நிமிடம் அவள் லேப்டாப்பை மூடினாள்.

“கழிஞ்சுதா?” என்று கேட்டாள் சத்தியபாய்.

“கழிஞ்சுது அம்மா.”

சத்தியபாய் கோபுரத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

“இனி இது கூவுனா நான் எழும்புகேன். நீரு என்னத் தூக்கணும், கேட்டீரா?”

உபதேசியார் சரி என்று தலையாட்டினார். குனிந்து அவள் நாற்காலியின் பிடியைப் பற்றினார்.