யாருக்கு இந்தப் பூ

பூவைத் தொட்டால் பூமாவுக்கு வாய் தானாக மூடிக்கொள்ளும். அதற்காக அவளை அடக்கமானவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மற்ற நேரத்தில் அந்த வாய்க்குப் பூட்டே கிடையாது. குவார்ட்டர்ஸில் இரண்டாவது வரிசையில் அவள் சிரித்தால் நாலாவது வரிசையில் பால்காரர் திரும்பிப் பார்ப்பார். ஆனால் அவள் பிறந்தது திருவள்ளூரில், பெருமாளுக்கு மாலை கட்டுகிற வீட்டில். பூப் பறித்ததிலிருந்து அந்த மாலை பெருமாள் தோளில் ஏறுகிறவரை அங்கே ஒருவரும் பேசக் கூடாது. எச்சில் தெறித்துவிடுமாம். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, வாசலில் சம்பந்தி வந்து நின்றாலும் சரி, எல்லாம் கண்ணாலும் புருவத்தாலும்தான். தன் தலைக்கென்று கட்டிக்கொள்ளும்போது மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். மனுஷத் தலைக்கு ஏது மடி?

இவள் புருஷன் பராசரன் கோயில் வேலை வேண்டாமென்று டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு, கும்மிடிப்பூண்டி தாண்டி எளாவூர் போகிற வழியில் ஒரு கம்பெனியில் தற்காலிகமாகச் சேர்ந்தவன். கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸ் வீட்டில் இரண்டு அறை, தனிக் குழாய், தனி அடுப்பு. கல்யாணமாகி வந்த நாளாய் மாமனார் வீட்டில் மூன்று ஓரகத்திகளுக்கு நடுவே மூச்சுவிட இடமில்லாமல் இருந்தவளுக்கு அந்தத் தனி அடுப்பு சொர்க்கமாக இருந்தது. அந்தச் சொர்க்கத்துக்கும் இந்த மாதக் கடைசியோடு முடிவு. பராசரனை நிரந்தரமாக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வேலை போனால் வீடும் போகும்.

அந்த நேரம் பார்த்துத்தான் மானேஜர் மனைவி குணசுந்தரி அம்மாள் லேடீஸ் கிளப் சார்பில் மலர் அலங்காரப் போட்டி வைத்தாள். கம்பெனி விருந்தினர் மாளிகைக்குத் தினமும் பூ அலங்காரம் செய்ய ஓர் ஆள் தேவை. ஜெயிக்கிறவளுக்கு அந்த வேலை, வேலையோடு குவார்ட்டர்ஸ். பராசரன் ஓட்டமாக வந்து சொன்னான். பூ விஷயத்தில் உன்னை மிஞ்ச இங்கே யார் இருக்கிறார்கள் என்றான். பூமாவுக்கும் அதில் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் கிளப் ஹாலுக்குள் கால் வைத்த பிறகுதான் வந்தது.

மேஜை மேஜையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பீங்கான் தட்டு வைத்திருந்தார்கள். தட்டின் நடுவில் ஊசிகள் மேல்நோக்கி நிற்கிற ஓர் இரும்பு வில்லை. பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல், இலையே இல்லாத ஒரு காய்ந்த கிளை, வாழைப்பட்டையில் சுற்றிய சம்பங்கியும் ரோஜாவும். நார் இல்லை. நூலும் இல்லை. காய்ந்த கிளையைக் குப்பை என்று நினைத்து அவள் மேஜைக்கு அடியில் போட்டாள். கிளப் சிப்பந்தி ஒருவர் வந்து அதை மரியாதையாக எடுத்து மறுபடி மேலே வைத்துவிட்டுப் போனார். இதென்னடா கூத்து என்று இருந்தது பூமாவுக்கு.

அடுத்த மேஜையில் மேரி நின்றாள். உலைப் பிரிவில் வேலை செய்கிற சின்னராசுவின் மனைவி, பூமாவுக்குப் பக்கத்து வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூ வைக்கிறவள் என்பதால் இந்த ஊசி வில்லையெல்லாம் அவளுக்குப் பழக்கம். அவள் புருஷனுக்கு நிரந்தர வேலை. இவள் பொழுதுபோக்காக வந்திருந்தாள். பூவை இந்த ஊசியில் குத்தி நிற்க வைக்க வேண்டும் என்று அவள்தான் விளக்கினாள்.

நிற்க வைப்பதா! பூமா அறிந்த பூவெல்லாம் தொங்கும், இல்லாவிட்டால் காலடியில் கிடக்கும். ஒரு பூவை இடுப்பில் குத்தி விறைப்பாக நிற்க வைப்பதை அவள் கண்டதில்லை. அதுகூடப் போகட்டும். அவளுக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது வேறு.

"மேரி, இந்தப் பூவெல்லாம் யாருக்கு?"

"யாருக்கும் இல்லக்கா. சும்மா பாத்துக்கினு போறதுக்குத்தான்."

யாருக்கும் இல்லாத பூவா? பூமா திகைத்துப்போனாள். அவளுக்குத் தெரிந்து யாருக்கும் சொந்தமில்லாதது எல்லாம் பெருமாளுக்குச் சொந்தம். அப்படியானால் இதுவும் அவருக்குத்தானா? இந்த ஹாலில் பெருமாள் எங்கே? சுவரில் கம்பெனி முதலாளியின் படம்தான் கோட்டும் சூட்டுமாகத் தொங்கியது. மேரியிடம் இன்னும் கேட்டிருப்பாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. அரைமணி நேரம், ஷிப்ட் சங்கு ஊதினால் கையை எடுத்துவிட வேண்டும் என்று அறிவித்தார்கள். பூமா சம்பங்கியைத் தொட்டாள், வாய் மூடிக்கொண்டது. எதற்கும் இருக்கட்டும் என்று முந்தானையை எடுத்து மூக்குக்குக் கீழே சுற்றிக் கட்டியும் கொண்டாள்.

சுற்றிலும் கத்தரிக்கோல்கள் கடகடத்தன. முன் மேஜையில் கணக்கு அதிகாரியின் மனைவி ஸத்யபாமா மயில் ஒன்று செய்துகொண்டிருந்தாள். அந்த அம்மாளுக்குத் தோட்டம் வைத்த பங்களாவே இருந்தது. மேரி சிலுவை மாதிரி ஏதோ ஆரம்பித்து, பாதியில் மனசு மாறி அதை விசிறியாக்கினாள். பூமாவின் சம்பங்கி மட்டும் ஊசியில் குத்தக் குத்தச் சாய்ந்தது. நெற்றி வியர்த்துவிட்டது. தனி அடுப்பு கண்ணெதிரே அணைந்துகொண்டே வந்தது. அழுகையும் வந்தது. அழுதால் பூமேல் கண்ணீர் விழும், அதுவும் ஆகாது.

கடைசியில் அவள் கை அவளைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிற்று. வாழைப்பட்டையை நகத்தால் கீறி நார் உரித்தாள். காய்ந்த கிளையை ஊசியில் குத்தி நிறுத்தினாள். கிளை மேலே இரண்டாகப் பிரிந்து, இரண்டு தோள் போல இருந்தது. தோள் கிடைத்துவிட்டது, இனி என்ன? நடுவில் ஒரே ஒரு ரோஜா வைத்துச் சம்பங்கியில் சாண் அளவு மாலை கட்டி அந்தத் தோளில் போட்டாள். சங்கு ஊதிற்று.

நடுவராக வந்திருந்த மெட்ராஸ் அம்மாள் மேஜை மேஜையாக வந்தாள். ஒவ்வொருத்தியிடமும் அலங்காரத்துக்கு என்ன பெயர் என்று கேட்டாள். அழகுக்கு இருக்கிற மதிப்பெண் போல விளக்கம் சொல்வதற்கும் உண்டாம். பூமாவின் மேஜை முன் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு அதையே கேட்டாள். பூமாவின் குழப்பம் உச்சிக்கு ஏறியது. போட்டி முடிந்தது, சரி. மாலை இன்னும் எவருக்கும் சாற்றியாகவில்லையே! கட்டிய மாலை போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் எப்படி வாயைத் திறப்பது? அவள் கிளையைக் காட்டினாள், மேலே காட்டினாள், புருவத்தை உயர்த்தினாள். வீட்டிலானால் அம்மாவுக்கு இவ்வளவிலேயே எல்லாம் புரிந்திருக்கும்.

நடுவருக்கும் புரிந்துவிட்டது, வேறு மாதிரி. அவள் மேரியிடம் திரும்பி, இவர் பேச மாட்டாரா என்று மெதுவாகக் கேட்டாள். மேரி பூமாவின் கட்டிய வாயைப் பார்த்தாள். காலையிலிருந்து காது புளிக்கப் பேசியவள் இப்போது கையையும் புருவத்தையும் ஆட்டுகிறாள் என்றால், வீட்டைக் காப்பாற்ற ஏதோ திட்டம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. தோழிக்காக ஒரு பொய்தானே.

"ஆமாம்மா, பாவம். பொறந்ததுலேர்ந்தே பேச்சு வராது."

பூமா மேரியை முறைத்தாள். அந்த முறைப்பில் பொங்கிய கண்ணீரைப் பார்த்து நடுவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு நடந்தது பூமாவுக்குக் கனவு மாதிரி இருந்தது. மைக்கில் அவள் பெயர் வந்தது. முதல் பரிசு! கடவுள் பேச்சைக் கொடுக்காமல் கலையைக் கொடுத்திருக்கிறார் என்று, குவார்ட்டர்ஸ் வரிசைப் பக்கமே வந்திராத குணசுந்தரி அம்மாள் தழுதழுத்தாள், அந்த வீடு இனி இந்தப் பெண்ணுக்குத்தான் என்றாள். ஹால் முழுக்கக் கைதட்டியது. பின்வரிசையில் பராசரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பூமா அவனைப் பார்த்ததும் சட்டென்று பிளந்த வாயை மூடி, அதன்மேல் விரலை வைத்துக் காட்டினான். கெஞ்சுகிற முகம். இவரும் மாலைக்காகத்தான் சொல்கிறாரா, இல்லை வேறு எதற்காகவா? மேடைவரை போனபோதும் அவளுக்கு அது விளங்கவில்லை.

அவள் மேஜையை மேடைக்கே தூக்கி வந்திருந்தார்கள். குணசுந்தரி அம்மாள் அதைப் பார்த்துப் பூரித்து, கிளையிலிருந்த மாலையைக் கழற்றித் தன் கொண்டையில் சுற்றிக்கொண்டாள். எல்லாரும் மறுபடி கைதட்டினார்கள்.

அவ்வளவுதான். மாலை சாற்றியாகிவிட்டது. பூமா முந்தானையை அவிழ்த்தாள். இதுவரை மூடியிருந்த வாய் பூவுக்காக மூடியது. இனி ஒரு நிமிடம் மூடினாலும் அது வீட்டுக்காக. பராசரனின் விரல் எதற்கென்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தனி அடுப்பு, தனிக் குழாய், எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஆயுள் முழுக்க ஊமையாக இருக்க வேண்டும். அதைவிடவும் ஒரு கேள்வி அவளைப் போட்டுக் குடைந்தது. அதைக் கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

"அம்மா, இந்தப் பரிசு என் பூவுக்கா, பேசாத வாய்க்கா?"

மைக் பக்கத்தில் இருந்ததால் கேள்வி ஹால் முழுக்கக் கேட்டது. மேரி கத்தரிக்கோலைக் கீழே போட்டாள். பராசரன் தலையில் கை வைத்துக்கொண்டான். குணசுந்தரி அம்மாளின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. கொண்டையிலிருந்த மாலையைக் கழற்றினாள், அதைத் தொட்டதே தப்பு என்பது போலக் கிளையிலேயே திருப்பி மாட்டினாள். கொஞ்சம் கழித்து மைக்கில் ஸத்யபாமாவின் மயிலுக்கு முதல் பரிசு என்று சொன்னார்கள்.

பூமாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனாலும் ஒன்று பொறுக்கவில்லை. ஒருமுறை சாற்றிக் களைந்த மாலை திரும்பத் தோளுக்கு ஏறக் கூடாது, அதை யாராவது தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் திரும்பிப் போய்க் கிளையிலிருந்து மாலையை எடுத்தாள், தன் பின்னலில் வைத்துக்கொண்டாள், படி இறங்கினாள்.

மேரி ரோட்டில் மூச்சிரைக்க ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"இன்னாக்கா நீ? அவ்ளோ நேரம் வாய மூடிக்கினு இருந்தியே. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா இன்னா?"

"மாலைதான் சாத்தியாச்சே, மேரி."

மேரிக்கு ஒன்றும் புரியவில்லை. பூமா வீட்டுக்குப் போய் அடுப்பை ஒருமுறை துடைத்துவிட்டுப் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கினாள். நாலாவது வரிசைவரை கேட்கும்படி பேசிக்கொண்டேதான் கட்டினாள்.