பழைய பிரதிகள் பூட்டப்படவில்லை

1.
இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தவறிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் மிச்சத்தை நிம்மதியாக எழுதலாம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் நிரல் எழுதுகிறேன். ஓய்வில் கதை எழுதுகிறேன். இரண்டிலும் பிழை வரும். கதைப் பிழையால் யாரும் அடிபடுவதில்லை.

மாதவி அக்கா கிள்ளானில் பெண்கள் காப்பகம் நடத்துகிறார். கணவனின் அடிக்குத் தப்பி வருகிறவர்களுக்கு அங்கங்கே மூன்று வீடுகள். அவர்களை ஏற்றிச்செல்லும் வேனுக்கு ஒரு செயலி செய்து கொடுத்தேன். அதன் கோப்புகளெல்லாம் ரெப்போவில், அதாவது தன்னார்வலர்கள் ஐந்து பேர் இணையத்தில் பகிர்ந்துகொள்ளும் களஞ்சியத்தில் இருந்தன. மூன்று முகவரிகளும் அதில் ஒரு கோப்பு.*

(* பூட்டிய கோப்புதான். குறியாக்கம் செய்திருந்தேன். சாவி எனக்கும் அக்காவுக்கும் மட்டும். மற்றவர்கள் திறந்தால் கன்னாபின்னா எழுத்துகள்தான் தெரியும். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.)

2.
முதல் தொடக்கம்: "கிள்ளான் ஆற்றின் மேல் கருமேகங்கள் திரண்டபோது விஜயனின் கைப்பேசி—"

[வேண்டாம். அன்று நல்ல வெயில்.]

இரண்டாவது: "விஜயன் நம்பத் தகாதவர்—"

[இதுவும் வேண்டாம். அரை மணி நேரம் அப்படித்தான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.]

விஜயன் புதிய தன்னார்வலர். கோயில் கமிட்டியில் ஒருவர் "தெரிஞ்ச ஆளு" என்றார், சேர்த்துவிட்டேன். யார் வீடு, யாருக்கு என்ன உறவு என்பதையெல்லாம் நாம் சம்பந்தம் பேசும்போது மட்டும்தான் விசாரிப்போம். ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் அழைத்தார்.

"அண்ணே, அட்ரஸ் ஃபைல் லாக் பண்ணியிருக்கீங்க, ஓகே. ஆனா லாக் பண்றதுக்கு முன்னாடி போட்ட காப்பி ஹிஸ்டரில தொறந்தே கிடக்கு லா."

உண்மை. கோப்பை முதலில் போட்டுவிட்டு மறுநாள்தான் பூட்டினேன். ரெப்போ ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தைய பிரதியைப் பத்திரமாக வைத்திருக்கும். பூட்டு புதிய பிரதிகளுக்குத்தான்.

"படிச்சீங்களா?"

"மேல தலைப்பு தெரிஞ்சதும் மூடிட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "இன்னொன்னுண்ணே. பஞ்சவர்ணம்னு ஒருத்தங்க உங்ககிட்ட இருக்காங்களான்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். அவங்க புருஷன் என் மாமா மகன். எல்லா இடத்துலயும் தேடிக்கிட்டிருக்கான்."

ரெப்போவின் உறுப்பினர் பட்டியலைத் திறந்தேன்.

"என்னைய ரெப்போலருந்து எடுத்துடுங்க. ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல காதுகுத்து. அவன் வருவான், கேப்பான். எனக்குப் பொய் சொல்ல வராது."

(பஞ்சவர்ணம் என்பது நான் வைத்த பெயர். விஜயனும் விஜயன் அல்ல.)

3.
இப்படி ஒருவர் இருப்பாரா என்று நீங்கள் சந்தேகப்படலாம். நானும் பட்டேன்.

முடிவு ஒன்று: விஜயன் படித்துவிட்டார், மச்சானிடம் சொல்லியும் [இரண்டு வரிக்கு மேல் எழுத முடியவில்லை.]

முடிவு இரண்டு: படித்துவிட்டார், ஆனால் சொல்லவில்லை. பந்தியில் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே

[இது நல்ல கதை. ஆனால் இந்தப் பாரத்தை அந்த மனிதர் தலையில் வைக்க எனக்கு உரிமையில்லை.]

மாதவி அக்கா எந்த முடிவுக்கும் காத்திருக்கவில்லை. என்னை ஒரு நிமிடம் வெளுத்து வாங்கினார். பிறகு, "அவர நம்புறது வேற, வீடு மாத்துறது வேற தம்பி. வெளிய போன அட்ரஸ் போனதுதான்," என்றார். இரண்டு மணிக்குள் பஞ்சவர்ணமும் இரு பிள்ளைகளும் வேனில் ஏறிவிட்டார்கள். மற்ற இரண்டு வீடுகளும் மறுநாளே மாறின. நான் விஜயனை ரெப்போவிலிருந்து எடுத்துவிட்டு, பழைய பிரதிகளைக் களஞ்சியத்திலிருந்து நீக்கி, எல்லோர் கணினியிலும் அழிக்க வைத்து, பூட்டுக்குப் புதுச் சாவி போட்டேன். முகவரிகளை இனி ரெப்போவில் வைப்பதேயில்லை.

4.
ஞாயிறு மதியம் விஜயனிடமிருந்து செய்தி வந்தது: "கேட்டான். தெரியாதுன்னேன். உண்மைதானே."

அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

புது வீடு செலாயாங்கிலா, சுங்கை வேயிலா என்று எனக்குத் தெரியாது. அக்கா போனில் ஊர்ப் பெயரைச் சொல்ல வாயெடுத்தார்.

"வேணாம்க்கா. நான் கதை எழுதுறவன்."

அக்கா சிரித்துவிட்டார். "சரி, இத மட்டும் சொல்றேன். பஞ்சவர்ணம் இப்பல்லாம் பயமில்லாம வாசல்ல துணி காயப் போடுறாங்களாம். உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க."

எந்த வாசல் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.