காட்டுப்பூண்டுச் சரிவு

இவளுக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்த பதினோராவது வாரம், இயற்கை மையத்தின் வசந்தகாலக் காட்டுப்பூ பார்க்கும் நடைக்கு இருவர் பெயரையும் அண்ணி கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் சொன்னாள். அண்ணியின் வழக்கமே அதுதான்.

இவள் நகரப் பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்தே ஊரைச் சுற்றியவள். அண்ணி மருத்துவமனைச் சமையலறையின் மேற்பார்வையாளர். நானூறு தட்டுகள் நேரம் தவறாமல் போகவேண்டும் என்பதால் காலில் சக்கரம் கட்டியவள்போல நடப்பாள். இருவருக்கும் ஒத்துப்போனதே இல்லை. அண்ணன் இருந்தவரை நடுவில் நின்று சமாளித்தான். அவன் போனபின் பிறந்தநாளுக்கு ஒரு தொலைபேசி அழைப்போடு சரி.

ஆனால் நெஞ்சில் தையலோடு வீடு திரும்பிய அன்று, வாசலில் பெட்டியோடு நின்றது அண்ணிதான். பத்து வாரம் குளிப்பாட்டி, தலைவாரி, மாத்திரைக்கு ஒரு திட்டு திட்டிப் பார்த்துக்கொண்டாள். நன்றி சொல்ல இவள் இரண்டு முறை வாயெடுத்தாள். இரண்டு முறையும் அண்ணி பேச்சை மாற்றிவிட்டாள்.

நடைக்கு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். மூச்சு வாங்குகிறவர்கள் ஏரிக்கரைச் சமதளப் பாதையில் போகலாம் என்றாள் வழிகாட்டிப் பெண். இவளுக்கும் அதுதான் ஆசை. அதற்குள் அண்ணி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள்.

முதல் வளைவில் பாதையோரம் முழுக்க வெள்ளைப் பூக்கள். அண்ணி நின்று பெயர் கேட்டாள். காட்டுப்பூண்டு என்று சொல்லி, பூண்டு மணக்கும் இலையைக் கசக்கி எல்லாருக்கும் முகரக் கொடுத்தாள் வழிகாட்டி. இவள் மரத்தில் சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரத்தில் ஒரு மஞ்சள் பூவுக்கு நின்றார்கள். அடுத்த வளைவில் மறுபடி அதே வெள்ளைப் பூ, மறுபடி அதே கேள்வி. அதற்கடுத்த வளைவிலும். பைனாகுலரோடு வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஞாபகம் நிக்க மாட்டேங்குது. இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள் அண்ணி.

அப்போதுதான் இவளுக்கு உறைத்தது. மூன்று அறை தள்ளிப் பூண்டு தீய்ந்தாலும் கண்டுபிடிக்கிற மூக்கு அண்ணியுடையது. தவிர, இவளுக்கு மூச்சு முட்டிய ஒவ்வொரு இடத்திலும்தான் அண்ணி நின்றிருக்கிறாள். திரும்பிப் பார்க்காமலே, முன்னால் நடந்தபடி இவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

உச்சியிலிருந்து ஓடைவரை சரிவு முழுக்க வெள்ளையாய்ப் பூத்திருந்தது. மற்றவர்கள் படமெடுக்கப் போனார்கள். இருவரும் விழுந்துகிடந்த மரத்தில் உட்கார்ந்தார்கள்.

"அண்ணி, உங்களுக்குப் பூண்டு தெரியாதா?"

அண்ணி காலணியில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "அந்த பைனாகுலர்காரர் என்னைச் சரியான மரமண்டைன்னு நினைச்சிருப்பாரு."

இவள் சிரித்தாள். நெஞ்செலும்பு வலித்தது, சிரிப்பு அழுகையில் போய் நின்றது. "நீங்க இல்லேன்னா நான் இல்ல அண்ணி."

இந்த முறை அண்ணி பேச்சை மாற்றவில்லை. இவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்கண்ணன் போனதுக்கப்புறம் திட்டக்கூட ஆளில்லாம இருந்தேன். இந்தப் பத்து வாரம்தான் வீடு வீடா இருந்துது. நானும் உனக்கு நன்றி சொல்லணும்."

மறுவாரம் அண்ணி ஊர் திரும்புவதாக இருந்தது. இறங்கும்போது, தன் வீட்டில் பூட்டியே கிடந்த மாடி அறையை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளச் சொன்னாள் இவள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் அண்ணி. யோசனை ஓடைப்பாலம் வரைதான் தாங்கியது. பாலத்தைக் கடந்ததும், அந்த அறையில் காலை வெயில் வருமா என்று கேட்டாள்.